சிவப்பு எழுத்தில் 1:180: அடுத்து என்.ஐ.பி.டி.யா, ஊசியா, காத்திருப்பதா?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்த இரவில் மன்னார்குடியிலிருந்து தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினாள். நான் திறப்பதற்குள் போனும் வந்துவிட்டது. "அக்கா, ஹை ரிஸ்க்குன்னு சிவப்பா போட்டிருக்கு. லேப்ல கேட்டா, பாசிட்டிவ்னா இருக்குன்னுதான் அர்த்தம்ங்கிறாங்க."

அவளுக்கு 31 வயது. தலைச்சன் பிள்ளை, பன்னிரண்டு வாரம் முடிந்திருந்தது. கருவுக்குக் குரோமோசோம் குறை இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் டபுள் மார்க்கர் சோதனையின் ரிப்போர்ட் அது. அதில் டிரைசோமி 21 என்ற வரிக்கு எதிரே 1:180 என்று இருந்தது. டவுன் சின்ட்ரோம் என்று நாம் சொல்வதுதான் அது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும்.

நான் கணக்கு வாத்தியார். அழுகிறவளிடம் கணக்கு சொல்லக் கூடாது என்று தெரிந்தும் சொன்னேன். இவளைப் போலவே வயது, ஸ்கேன் அளவு, ரத்த அளவு உள்ள 180 பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் 179 பேருக்கு இந்தக் குறை இல்லாத பிள்ளை. ஒருவருக்கு இருக்கும். அந்தத் தாள் சொல்வது இவ்வளவுதான். லேப் ஆள் சொன்னது தப்பு. அம்மா பின்னாலிருந்து கேட்டாள்: "அந்த ஒண்ணு நாமளா இருந்தா?" அதுவும் நியாயமான கேள்விதான். அடுத்த பத்து நாள் அந்தக் கேள்வியோடுதான் அலைந்தோம். எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. அஞ்சாம் மாச ஸ்கேன் வரை காத்திருப்பது, பதினைந்து வாரம் ஆனதும் க்வாட்ரபிள் மார்க்கர் என்ற இன்னொரு ரத்தச் சோதனை எடுப்பது, தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி.யை இப்போதே எடுப்பது, நேராகப் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது.

ஒப்பிடும் முன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். எங்கள் அப்பா மூட்டை பிடிக்கும் முன் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார். "காஞ்சிருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கொள்முதல் நிலையத்தில் அவர் பல்லை யாரும் கேட்பதில்லை. மீட்டரில் வைத்து ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். டபுள் மார்க்கர், க்வாட்ரபிள், என்.ஐ.பி.டி. மூன்றும் பல்லில் கடித்துப் பார்க்கிற ஜாதி. ஊசி போட்டு எடுக்கிற ஆம்னியோதான் மீட்டர். என்.ஐ.பி.டி. ரொம்பக் கூர்மையான பல், ஆனாலும் பல்தான்.

சரி, டபுள் மார்க்கரில் இருந்து ஆரம்பிப்போம். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, ஸ்கேனில் பிடரிக்குப் பின்னால் உள்ள நீர்ப்படலத்தின் தடிமனை அளக்கிறார்கள். அதுதான் என்.டி. கூடவே தாயின் ரத்தத்தில் பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. என்று இரண்டு பொருளை அளக்கிறார்கள். இவற்றோடு தாயின் வயதையும் சேர்த்து மென்பொருள் ஒரு விகிதம் தருகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள 100 கருக்களில் 85 முதல் 90 வரை இது பிடித்துவிடும். அதற்குக் கொடுக்கிற விலை, குறையே இல்லாத 100 பேரில் 5 பேரையும் பயமுறுத்துவது. 1000 கர்ப்பிணிகளுக்குச் செய்தால் சுமார் 50 பேர் வீட்டில் அன்று இரவு சாப்பாடு இறங்காது. அந்த 50 பேரில் உண்மையாகவே குறை இருப்பது ஒருவருக்கோ இருவருக்கோதான்.

ஆபத்து 1:250ஐவிடக் கூடினால் சிவப்பு என்பது பல லேப்கள் வைத்திருக்கும் கோடு. வரப்பு மாதிரி மனிதர் போட்டதுதான் அது. 1:240 உள்ளவளுக்கும் 1:260 உள்ளவளுக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஒருத்திக்குச் சிவப்பு, இன்னொருத்திக்குப் பச்சை, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. எடை 50 கிலோ என்று அச்சாகியிருந்தது. அவள் அப்போது 63 கிலோ. ரத்தம் எடுத்தவர் கேட்காமலேயே ஏதோ ஒரு எண்ணை நிரப்பியிருக்கிறார். உடம்பு பெருத்தால் ரத்தத்தில் இந்தப் பொருள்கள் நீர்த்துத் தெரியும் என்பதால் எடையை வைத்துத்தான் அளவைத் திருத்துகிறார்கள். எடை தவறினால் விகிதமும் தவறு. பிறந்த தேதி இன்னொரு கூத்து. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகக் கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் ஆதாரிலும் இருக்கும், உண்மைத் தேதி ஜாதகத்தில் இருக்கும். இங்கே ஜாதகத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் நாள் கணக்கு, ஐ.வி.எஃப்.பா, சர்க்கரை நோய் உண்டா, இரட்டையா என்பதெல்லாமும் சரியாக இருக்க வேண்டும். எடையைத் திருத்தி மறுபடி கணக்குப் போடச் சொன்னோம். லேபில் முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். 1:180 என்பது 1:205 ஆனது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பேசுவதற்கு 1:200 என்று வைத்துக்கொள்கிறேன்.

க்வாட்ரபிள் மார்க்கரை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 15 வாரத்துக்கு மேல் ரத்தத்தில் நான்கு பொருள் பார்க்கிற சோதனை. அதே 5 சதவீதப் பொய் எச்சரிக்கைக்கு, பிடிப்பது 80 சதவீதம் சுற்றித்தான். டபுள் மார்க்கர் காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு நல்லது. முதல் சோதனையில் சிவப்பு வந்தவர்கள், "இதுல நல்லா வந்தா போதும்" என்று அதைவிட மழுங்கிய இன்னொரு சோதனைக்கு மூன்று வாரம் காத்திருப்பது வீண். இந்த யோசனையை எங்களுக்கு மூன்று பேர் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

காத்திருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் உறுப்புகளைப் பார்ப்பதற்கு மிக அவசியம். இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் எல்லாம் அங்கேதான் தெரியும். ஆனால் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்த ஸ்கேனில் எதுவுமே தெரியாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் குரோமோசோமும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று 1997இல் டென்னிஸ் லோவும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். 2011 வாக்கில் அது விலைக்குக் கிடைக்கும் சோதனையானது. பத்து வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தாயின் கையில் ரத்தம் எடுப்பதோடு சரி, பிள்ளைக்கு ஆபத்து எதுவும் இல்லை. டவுன் சின்ட்ரோமில் 100க்கு 99 பிடிக்கும். பொய் எச்சரிக்கை 1000க்கு ஒன்றுதான், அதற்கும் குறைவு என்றும் சொல்கிறார்கள். எட்வர்ட்ஸ் எனப்படும் 18ஆம் குரோமோசோம் குறையிலும், படாவ் எனப்படும் 13ஆம் குரோமோசோம் குறையிலும் துல்லியம் கொஞ்சம் இறங்கும்.

விளம்பரத் தாளில் பெரிதாக இருக்கும் 99 சதவீதத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை, "அப்ப இதுல பாசிட்டிவ் வந்தா 99 சதவீதம் உறுதி, அதானே?" என்றார். இல்லை. ரொம்பப் பேர் விழுகிற பள்ளம் இது.

கணக்காகவே பார்ப்போம். 25 வயது ஒட்டிய பெண்கள் 10,000 பேர், ஆயிரத்தில் ஒருவருக்கு என்று வைத்தால் 10 பேருக்கு உண்மையில் குறை உண்டு. என்.ஐ.பி.டி. அந்தப் பத்தையும் பிடித்துவிடும் என்றே வைப்போம். மீதி 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் இன்னும் 10 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். ஆக 20 பாசிட்டிவ், உண்மை 10. பூவா தலையாதான். என் தங்கை போல 1:200 உள்ளவர்கள் 10,000 பேர் என்றால் 50 பேருக்குக் குறை, பொய் 10. பாசிட்டிவ் வந்தால் உண்மையாக இருக்க 83 சதவீதம். 40 வயதில் ஆபத்து நூற்றுக்கு ஒன்று. 100 பேருக்குக் குறை, பொய் 10, எனவே 90க்கும் மேல். ஒரே லேப், ஒரே குழாய், ஒரே 99 சதவீதம். அதே பாசிட்டிவ் ஒருத்திக்குப் பாதி உண்மை, இன்னொருத்திக்கு ஏறக்குறைய முழு உண்மை. நமக்கு வேண்டிய எண் விளம்பரத்தில் இல்லை. நம் பழைய விகிதத்தையும் சேர்த்து நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

நெகட்டிவ் பக்கம்தான் இந்தச் சோதனையின் அருமை. 1:200 உள்ளவளுக்கு நெகட்டிவ் வந்தால் மிச்ச ஆபத்து சுமார் 20,000இல் ஒன்றாக இறங்கிவிடும்.

பொய் ஏன் வருகிறது? அந்தத் துணுக்குகள் வருவது பிள்ளையிடமிருந்து இல்லை, நஞ்சுக்கொடியிலிருந்து. அபூர்வமாக நஞ்சில் மட்டும் குரோமோசோம் பிசகி, பிள்ளை சரியாக இருக்கும். இரட்டையாகத் தரித்து ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தாலும் குழப்பும். கருவின் துணுக்கு ஏறத்தாழ 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பதிலே வராமல் திரும்பி வரும். உடல் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு இது அதிகம் நடக்கும். மறுபடி ரத்தம், மறுபடி பத்து நாள். அந்த இரண்டாவது குழாய்க்குப் பணம் கேட்பார்களா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் 'பிளஸ்' பேக்கேஜ். குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிறோம், இன்னும் சில ஆயிரம் போடுங்கள் என்பார்கள். மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். பல ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் குறைக்கு, பாசிட்டிவ்களில் பெரும்பகுதி பொய்யாகத்தான் இருக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றியே எச்சரித்தது. இந்த வகைச் சோதனையின் முடிவை மட்டும் நம்பி, உறுதிப்படுத்தாமலேயே கர்ப்பத்தைக் கலைத்தவர்கள் உண்டு என்று அதில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பிளஸ் வாங்கவில்லை.

விலை எங்களுக்குச் சொன்னது 17,000. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பே 18,000 ரூபாய்தான். பல கட்டமாக, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு அவ்வளவும் ஒரு குழாய் ரத்தத்தில் போய்விடும். அதனால் எல்லோரும் இதையே எடுங்கள் என்று என்னால் கூசாமல் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, தங்கையின் மாமியார் ஆவலாகக் கேட்டார்: "அதுல ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடுமாமே?" லேபுக்குத் தெரியலாம், நமக்குச் சொல்ல மாட்டார்கள். 1994ஆம் வருடச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

கடைசி வழி ஊசி. 15, 16 வாரத்துக்கு மேல், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி விட்டு 15 முதல் 20 மில்லி பனிக்குட நீர் எடுக்கிறார்கள். அதில் மிதக்கும் பிள்ளையின் செல்களிலேயே குரோமோசோமைப் பார்க்கிறார்கள். எங்கள் பள்ளியில் என்னோடு வேலை செய்யும் டீச்சருக்கு 39 வயதில் டபுள் மார்க்கர் 1:35 என்று வந்தது. அவர் என்.ஐ.பி.டி. பக்கமே போகாமல் நேராக இதற்குப் போனார். "ஊசி வலியெல்லாம் ஒண்ணுமில்ல. கையெழுத்து போடுங்கன்னு அந்தப் பாரத்தை நீட்டினப்பதான் கை நடுங்கிச்சு. மீதி நேரம் பூரா ஸ்கேன் திரையில பிள்ளை விரலை மடக்கி மடக்கி நீட்டினதைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். சிரிஞ்சில் வந்த நீர் வெளிறிய மஞ்சளாக, எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்ததாம். மூன்று நாளில் அவசர முடிவு, மூன்று வாரத்தில் முழு முடிவு. என்ன வந்தது என்பது அவர் வீட்டு விஷயம்.

ஊசி என்றாலே "அபார்ஷன் ஆயிடும்" என்கிற பயம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. பழைய கணக்கில் நூற்றுக்கு ஒன்று என்றெல்லாம் சொல்வார்கள். அனுபவமுள்ள கையில் அது 200இல் ஒன்றுக்கும் குறைவு. புதிய தொகுப்பாய்வுகள் இன்னும் குறைத்து, 1000இல் ஒன்று முதல் மூன்று என்கின்றன. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஊசிக்குப் பிறகு ஆன்டி-டி என்ற மருந்தூசி போட வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது. 11 முதல் 13 வாரத்துக்குள்ளேயே நஞ்சிலிருந்து துளி எடுக்கும் சி.வி.எஸ். என்ற முறையும் உண்டு. முடிவு சீக்கிரம் வரும், ஆனால் நஞ்சு மட்டும் பிசகியிருக்கும் சிக்கல் அதிலும் நூற்றுக்கு ஒன்று இரண்டு உண்டு.

துல்லியத்தைப் பார்ப்பது போலவே நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். 12 வாரத்தில் சிவப்பு. என்.ஐ.பி.டி. முடிவு 14 வாரத்தில். பதில் வராமல் திரும்பினால் 16. ஊசி 16, 17 வாரத்தில், முழு முடிவு 20. கர்ப்பக் கலைப்புச் சட்டத்தில் 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் கருத்து வேண்டும், அதற்கு மேல் மருத்துவக் குழு. கலைக்கவே மாட்டோம் என்று முடிவாக இருப்பவர்களுக்கும் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். பிரசவத்தை எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்ற முடிவே அதனால் மாறும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு அரைகுறை. அத்தை மகனைக் கட்டிய பெண். முதல் பிள்ளைக்குத் தலசீமியா, மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். இரண்டாவது முறை முழுகாமல் இருந்தபோது யாரோ சொல்லி, கடன் வாங்கி என்.ஐ.பி.டி. எடுத்தார்கள். 'லோ ரிஸ்க்' என்று வந்தது. இனிப்புக் கொடுத்தார்கள். அந்தச் சோதனை தலசீமியாவைப் பார்ப்பதே இல்லை! டவுன் சின்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை. அது பெரும்பாலும் தாயின் வயதைப் பொறுத்தது. சொந்தத்தில் கட்டும்போது கூடுவது, அம்மாவும் அப்பாவும் ஒரே பழுதை ஆளுக்கொன்றாக மறைத்து வைத்திருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிடும் வகை நோய்கள். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று. பொதுவாகப் பிறவிக் குறைக்கான வாய்ப்பு 2, 3 சதவீதம் என்றால் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமனைக் கட்டினால் ரத்த நெருக்கம் இன்னும் அதிகம். எங்கள் தெருத் தம்பதிக்கு வேண்டியிருந்தது, தலசீமியா பழுதை மறைத்து வைத்திருக்கிறார்களா என்று கணவன் மனைவி இருவருக்கும் பார்க்கிற எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை. என்.ஐ.பி.டி.யோடு ஒப்பிட்டால் காசு ரொம்பக் குறைவு. இருவருக்கும் பழுது இருந்தால், அது எந்த வகை என்று டி.என்.ஏ.வில் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்து, அடுத்த கர்ப்பத்தில் சி.வி.எஸ். செய்ய வேண்டும். அந்த வீட்டில் இதைச் சொல்ல யாரும் இல்லை. இரண்டாவது பிள்ளைக்கும் இப்போது ரத்தம் ஏற்றுகிறார்கள்.

எங்கள் முடிவு என்.ஐ.பி.டி. காரணம், விகிதம் 1:200 என்று நடுவாந்தரத்தில் இருந்தது, என்.டி. 1.9 மில்லிமீட்டர்தான், கையில் நான்கு வாரம் இருந்தது, பணமும் எப்படியோ புரட்ட முடிந்தது. என்.டி. 3.5க்கு மேல் போயிருந்தாலோ, ஸ்கேனில் வேறு குறை தெரிந்திருந்தாலோ, ஆபத்து 1:50ஐவிடக் கூடியிருந்தாலோ நேராக ஊசிதான் என்று சொல்லியிருப்பேன். அங்கே என்.ஐ.பி.டி. என்பது பணத்தையும் பத்து நாளையும் தின்கிற நடுவழி. 17 வாரத்தில்தான் விஷயம் தெரிய வருகிறது என்றாலும் ஊசிதான். பாசிட்டிவ் வந்தால் ஊசி போடாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ரத்தம் கொடுக்கும் முன்பே மாப்பிள்ளையிடம் சம்மதம் வாங்கிக்கொண்டோம். முடிவு கையில் வந்த பிறகு அதைப் பேச முடியாது.

அந்தப் பத்து நாளில் அம்மா திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் விளக்கெண்ணெய் வாங்கி வந்துவிட்டாள். அது பிரசவ நேரத்துக்கு என்று சொன்னேன். "அந்த நேரம் வரணும்ல, அதுக்குத்தான் இப்பவே" என்றாள்.

ஒன்பதாம் நாள் லோ ரிஸ்க் வந்தது. மறுநாள் தஞ்சாவூரில் கருநல மருத்துவரிடம் போனோம். அவர் என்.ஐ.பி.டி. தாளை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, பழைய டபுள் மார்க்கர் தாளைக் கேட்டார். நாங்கள் பயந்த 1:205ஐ அவர் பார்க்கவே இல்லை. பாப்-ஏ அளவு, நடுவாந்தர அளவு 1 என்றால் இவளுக்கு 0.38 என்று இருந்த இடத்தைப் பேனாவால் சுழித்தார். குரோமோசோம் சரியாக இருந்தும் இது இவ்வளவு குறைந்தால் நஞ்சு வலுவாக ஊன்றவில்லை என்ற சந்தேகம் வருமாம். பின்னால் ரத்த அழுத்தம் ஏறலாம், பிள்ளை எடை போடாமல் இருக்கலாம். இதை என்.ஐ.பி.டி. சொல்லாது. டபுள் மார்க்கர் எதற்கு, நேராக என்.ஐ.பி.டி. எடுத்துவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அந்தச் சுழிதான். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இரவு ஒரு ஆஸ்பிரின், 36 வாரம் வரை என்று எழுதினார். 28 வாரத்தில் பிள்ளை வளர்ச்சி பார்க்க ஒரு ஸ்கேன் கூடுதலாகச் சேர்த்தார். சிவப்பு எழுத்துத் தாளைக் கிழித்துப் போட இருந்த தங்கை, அதை மடித்து ஃபைலில் முதல் தாளாக வைத்துக்கொண்டாள்.